அந்தக் கூட்டத்தை இன்னொரு தரம் கூட்டுங்கள்: எங்கள் தேயிலைத் தோட்டத்து இளைஞர் நிலையக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர்மார், கோயில் கமிட்டி ஐயாமார், மாதர் சங்கத்து அக்காமார், அதிபர் சேர், உத்தியோகத்தர் சேர், எல்லாருக்கும் வணக்கம்.

நான் கீழ்க்கணக்கு என்கிற நம் தோட்டத்துக் கீழ்ப் பிரிவுப் பிள்ளை. வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற பிள்ளைக் காம்பராவில் வேலை செய்கிறேன். உங்களில் பலருடைய பேரப்பிள்ளைகள் காலையில் அழுது அழுது என் மடியில்தான் தூங்குகிறார்கள், அதனால் இந்தக் குழுவில் என்னைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்த மனிதர்களுக்கு எதற்கு மடல், வந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வந்தேன். நிலையத்தில் என்னென்ன நடத்தலாம் என்று பேசக் கூட்டின அந்தப் புதன்கிழமைக் கூட்டத்தில், கதவோரத்து வாங்கில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்க முடியவில்லை. கூட இருந்த முப்பத்துச் சொச்சம் பிள்ளைகளும், ஒரே ஒருவனைத் தவிர, திறக்கவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது உங்களில் ஒருவர், "கேட்டா ஒன்னும் சொல்ல மாட்டேங்குதுங்க, அப்புறமா குறை சொல்லுதுங்க" என்று மனம் நொந்து சொன்னார். அந்த வார்த்தை எனக்குள் கிடந்து உறுத்துகிறது. அவர் சொன்னதில் பொய்யில்லை. நீங்கள் கேட்டீர்கள், நாங்கள் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அன்றைக்கு நடந்ததை நான் பார்த்தபடி சொல்கிறேன். வெள்ளைப் பலகையில் "சிந்தனைக் கிளறல்" என்று பெரிதாக எழுதினார்கள். "தம்பி தங்கச்சிமாரே, மனசுல வர்றத சொல்லுங்க" என்றார்கள். நல்ல கேள்விதான். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. வெளியே கொழுந்து லொறி மேடேறுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த ஒரு நிமிட அமைதி முன்வரிசைக்குப் பொறுக்கவில்லை. ஒருவர் கரப்பந்து என்றார். அடுத்தவர் கெரம் போட் என்றார். கம்பியூட்டர் வகுப்பு வந்தது. கோயில் பக்கமிருந்து பண்ணிசை வந்தது. பிறகு தையல், மணப்பெண் அலங்காரம், சிரமதானம். எல்லாம் நல்ல காரியங்கள்தான்.

அந்த நேரத்தில் என் பக்கத்து வாங்கிலிருந்து ஒரு தம்பி எழும்பினான். ஓ.எல். பரீட்சை எழுதிவிட்டுத் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகிறவன். அன்றைய பேரை, அதாவது நாள் சம்பளத்தை, விட்டுவிட்டுக் கூட்டத்துக்கு வந்தவன். "சிங்களம் பேசப் பழக ஏதாச்சும்..." என்று தொடங்கினான். "அதுக்குத்தான் ஸ்கூல் இருக்கே தம்பி, படிக்கிற காலத்துல என்ன செஞ்ச?" என்று ஒரு குரல் வந்தது. சபை சிரித்தது. கெட்ட எண்ணத்தில் யாரும் சிரிக்கவில்லை, நம் வீட்டுப் பிள்ளையைக் கேலி பண்ணுகிற சிரிப்புத்தான் அது. ஆனால் அவன் உட்கார்ந்துவிட்டான். காது இரண்டும் சிவந்துபோய், கையிலிருந்த லேஞ்சியைக் கூட்டம் முடியும்வரை முறுக்கிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு பின்வரிசையில் ஒருவரும் அசையவில்லை.

ஏழு யோசனை பலகையில் ஏறியது. ஏழும் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் சொன்னவை. கூட்டக் குறிப்பில் "இளைஞர் யுவதிகளின் கருத்துகள் பெறப்பட்டன" என்று எழுதினார்கள். நாங்களும் வரிசையாகப் போய் வரவுத் தாளில் கையெழுத்து வைத்தோம்.

உங்கள் உழைப்பை நான் மறக்கவில்லை. அந்தக் காணித் துண்டை வாங்குவதற்குத் துரை பங்களாவுக்கும் பிரதேச செயலகத்துக்கும் நீங்கள் நடந்த நடை ஊருக்கே தெரியும். அத்திவாரத்துக்குக் கல் சுமந்தது எங்கள் அப்பாமார்தான். அப்படி எழும்பின கட்டடம் வெறுமனே பூட்டிக் கிடந்துவிடக் கூடாது என்ற பயம்தான் என்னை எழுத வைக்கிறது. பக்கத்துத் தோட்டத்தில் இப்படித்தான் நடந்தது. யாரோ கொடுத்த தையல் மெஷின்கள் அங்கே ஒரு அறையில் படங்கு போர்த்திக் கிடக்கின்றன. அந்தப் பிள்ளைகளிடம் தையல் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. மெஷின் வந்த பிறகுதான் ஆள் தேடினார்கள்.

சரி, நாங்கள் ஏன் பேசவில்லை?

பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தீர்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த முன்வரிசையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒருவர் எனக்குப் பெரியப்பா. ஒருவர் தாய்மாமன் முறை. ஒருவர் என்னைப் படிப்பித்தவர். அவர்களுக்குப் பக்கத்தில் கணக்கப்பிள்ளை ஐயா. நாளைக்குக் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் யாரை எந்த மலைக்கு அனுப்புவது என்று சொல்கிறவர். இந்தப் பக்கம் ஒரு தொழிற்சங்கத் தலைவர், அந்தப் பக்கம் இன்னொரு தொழிற்சங்கத் தலைவர். ஒரு பையன் வாயைத் திறந்தால் இது எந்தச் சங்கத்துப் பேச்சு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அப்பாவோடு வந்த பிள்ளை அப்பா முகத்தைப் பார்க்கிறது, பிறகு தரையைப் பார்க்கிறது. இத்தனைக்கும் நடுவே "மனசுல வர்றத சொல்லுங்க" என்றால், மனதில் இருப்பது எப்படி வெளியே வரும்?

நேரத்தையும் சொல்ல வேண்டும். புதன்கிழமை காலை பத்து மணி. அந்த நேரத்தில் கொழுந்தெடுக்கிற பெண் பிள்ளைகள் மலையில் நிற்பார்கள், ஏ.எல். படிக்கிறவர்கள் ஸ்கூலில் இருப்பார்கள். கொழும்பில் கடைகளிலும் கார்மெண்டிலும் இருக்கிற பிள்ளைகளுக்குக் கூட்டம் நடந்ததே தெரியாது. நம் தோட்டத்துக்கு அவர்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வந்து போகிற விருந்தாளிகளாகிவிட்டார்கள். ஆனால் இந்த நிலையம் முதலிலேயே இருந்திருந்தால் அவர்களில் சிலர் போகாமலே இருந்திருக்கலாம். அப்படியானவர்களிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

டிப்ளோமா படிக்கும்போது ஒரு விஷயம் படித்தேன், அன்றைக்கு நினைவுக்கு வந்தது. ரொஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992 இல் யுனிசெப்புக்காக எழுதியபோது, பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படியுள்ள ஓர் ஏணியாகக் காட்டினார். கீழே இருக்கிற மூன்று படிகளைப் பங்கேற்பு என்றே சொல்லக் கூடாது என்றார். பெரியவர்கள் நினைத்ததைப் பிள்ளைகள் வாயால் சொல்ல வைப்பது ஒரு படி. அலங்காரத்துக்கு நிறுத்துவது அடுத்த படி. பேருக்கு உட்கார வைப்பது மூன்றாவது. திறப்பு விழாவன்று சாரி கட்டி, வெற்றிலைத் தட்டோடு வரிசையாக நின்றோமே, அது இரண்டாம் படி. புதன்கிழமைக் கூட்டம் மூன்றாம் படி. எங்களை உச்சிப் படிக்கு ஏற்றிவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஐந்தாம் படி போதும். காரியத்தை நீங்களே நடத்துங்கள், ஆனால் எங்களைக் கேட்டு, கேட்டதை மெய்யாகவே கணக்கில் எடுத்து, என்ன நடக்கிறது என்பதை எங்களுக்கும் தெரியப்படுத்தி நடத்துங்கள்.

குழுவாக உட்கார்ந்து யோசனை கிளறுகிற முறையை உலகமெல்லாம் பரப்பினவர் அலெக்ஸ் ஒஸ்போர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர். 1940களிலும் 1950களிலும் அவர் சொல்லி வைத்த ஒழுங்குகள் நாலே நாலு. யோசனை வருகிற நேரத்தில் யாரும் நல்லது கெட்டது சொல்லக் கூடாது. எவ்வளவு அதிகமாக வருகிறதோ அவ்வளவு நல்லது. கோணல்மாணலான யோசனைக்கும் இடம் உண்டு. ஒருவர் சொன்னதை இன்னொருவர் பிடித்து வளர்க்கலாம். நம் கூட்டத்தில் முதல் ஒழுங்கு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அந்தச் சிங்களம் கேட்ட தம்பியோடு அது முடிந்துபோனது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை உத்தியோகத்தர் சேர் கவனிக்க வேண்டும். அந்த நாலு ஒழுங்கையும் சரியாகப் பிடித்தால்கூட, வாயால் மாறி மாறிச் சொல்கிற முறையில் ஒரு ஓட்டை உண்டு. பல பேர் கூடினால் பாம்பு சாகாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள் இல்லையா, அதையே 1958 இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்து சொன்ன யோசனைகளையும், நாலு பேர் தனித்தனியாக யோசித்ததைப் பிறகு ஒன்றாகச் சேர்த்ததையும் எண்ணிப் பார்த்தார்கள். தனித்தனியாக யோசித்தவர்களிடமிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. ஏன் அப்படி என்பதை 1987 இல் ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோபே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தோண்டிப் பார்த்தார்கள். முக்கியமான காரணம் மிகச் சாதாரணமானது: ஒருவர் பேசும்போது மற்றவர் தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற நேரத்தில் தோன்றினது மறந்துபோகும், இல்லாவிட்டால் இதெல்லாம் ஒரு யோசனையா என்று தானே விட்டுவிடுவார்கள். அவர்கள் சோதித்த மாணவர்களுக்கு முன்னால் பெரியப்பாவும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. அவர்களுக்கே அப்படி என்றால் எங்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நாங்கள் சிலர் சேர்ந்து ஒன்று செய்து பார்த்தோம். உங்களுக்குத் தெரியாமல் செய்ததற்கு மன்னியுங்கள். பேர்ண்ட் ரோர்பாக் என்ற ஜெர்மன்காரர் 1960களின் கடைசியில் கண்டுபிடித்த முறை ஒன்று உண்டு. ஆறு பேர் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு தாள். ஐந்து நிமிடத்தில் மூன்று யோசனை எழுதி, தாளைப் பக்கத்து ஆளிடம் கொடுக்க வேண்டும். அவர் முன்னால் இருக்கிறதை வாசித்துவிட்டு, அதை வளர்த்தோ புதிதாகவோ இன்னும் மூன்று எழுதுவார். அரை மணித்தியாலத்தில் தாள் ஒரு சுற்று வந்துவிடும், 108 யோசனை நிரம்பிவிடும். ஒருவரும் பேச வேண்டியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்குப் பிள்ளைக் காம்பராவில் கூடினோம். பதினெட்டுப் பேர், மூன்று வட்டம். தொட்டில்களைத் தூக்கிக் கட்டிவிட்டு, பிள்ளைகளுடைய பாயை விரித்து உட்கார்ந்தோம். தாளுக்குப் பழைய மாதிரி வினாத்தாள்களின் பின்பக்கம். தொடங்கி ஐந்து நிமிடத்தில் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அந்த மழை விழுந்தால் பக்கத்தில் இருக்கிறவர் பேசுவதுகூடக் கேட்காது என்பது உங்களுக்குத் தெரியும். கூட்டமாக இருந்திருந்தால் கலைந்து போயிருப்போம். இங்கே தாள் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. நேரம் முடிந்ததைச் சொல்ல நான் தொட்டில் கயிற்றில் கட்டியிருந்த கிலுக்கை ஆட்டினேன். இரண்டு பேருக்கு எழுத்து சரியாக வராது. அவர்கள் பக்கத்து ஆளின் காதில் சொல்லி எழுத வைத்தார்கள். வெறுமையாக விட்டதையும், ஒன்றே திரும்பத் திரும்ப வந்ததையும் கழித்துப் பார்த்தால் 61 யோசனை இருந்தது. ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் ஏழு. அரை மணி நேர மழையில் அறுபத்தொன்று.

அதில் சிலதை உங்களுக்குக் காட்ட வேண்டும். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தியிருக்கிறேன்.

"நிலையத்து கக்கூஸ் கதவுக்கு வெளியிலதான் கொண்டி இருக்கு. உள்ளுக்கு இல்ல. அதனால நாங்க யாரும் அங்க ரொம்ப நேரம் இருக்க மாட்டோம்." இது ஒரு பெண் பிள்ளை எழுதினது என்று சொல்ல வேண்டியதில்லை. சும்மா நாலு ஆணி அடிக்கிற வேலை. ஆனால் இந்தக் கொண்டி இல்லாவிட்டால் நீங்கள் எந்த வகுப்பை வைத்தாலும் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள், ஏன் வரவில்லை என்பதும் உங்களுக்குக் கடைசிவரை தெரியாது. சொல்லுங்கள், இதை எந்தப் பிள்ளை எழும்பி நின்று, அப்பாவுக்கும் அதிபர் சேருக்கும் முன்னால் சொல்லும்?

"ஆறு மணிக்குமேல வகுப்பு வச்சா கீழ்க்கணக்கு வரைக்கும் டோர்ச்சோட பெரியாள் ஒருத்தர் வரணும்." சிறுத்தை வந்து நாயைத் தூக்கிக்கொண்டு போன பாதை அது. லைட் கிடையாது.

"படிக்க ஒரு மேசை. பேச்சு சத்தம் இல்லாத இடம். வேற ஒன்னும் வேணாம்." இதே கருத்து ஐந்து தாளில் வந்தது. ஒரு காம்பராவுக்குள் ஆறு பேர் இருந்து, டிவியும் அடுப்புப் புகையுமாக இருக்கிற வீட்டில் எங்கே உட்கார்ந்து படிப்பது? உங்கள் ஏழு யோசனையில் வாசிகசாலை இல்லை.

சிங்களம் மூன்று தாளில் இருந்தது, மூன்றும் வேறு வேறு கையெழுத்து. அந்தத் தம்பி மட்டும் கேட்ட விஷயம் இல்லை அது. அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "ஆபீஸ்ல குடுக்கிற ஃபோர்ம் நிரப்பவும் பழகணும்." அதற்குக் கீழே இன்னொரு கை: "எங்க அம்மாவோட ஈ.பி.எஃப். காசுக்கு ரெண்டு வருசமா அலையுறோம்." அடுத்த கை: "ஞாயித்துக்கிழமைல நாங்களே பெரியவங்களுக்கு நிரப்பிக் கொடுக்கலாம்தானே? அதுலயே பழகிரலாம்." பார்த்தீர்களா? நாலு பேர், ஒருவரையொருவர் பார்த்துப் பேசாமல், ஒரு முழுத் திட்டத்தைக் கட்டிவிட்டார்கள். ஈ.பி.எஃப். என்பது ஊழியர் சேமலாப நிதி. மாதச் சம்பளத்தில் தொழிலாளியிடம் 8 வீதம் பிடித்து, கம்பனி 12 வீதம் போட்டு, ஒரு ஆயுள் முழுக்கச் சேர்ந்த பணம் அது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் எடுக்கலாம். பெயரில் ஓர் எழுத்து பிழைத்தால் போதும்: அடையாள அட்டையில் ஒன்று, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் ஒன்று, பிறப்புப் பத்திரத்தில் இன்னொன்று. அந்த எழுத்துக்காக எத்தனை பாட்டிமார் டவுனுக்கு பஸ் ஏறி இறங்குகிறார்கள். ஒரு மேசை, இரண்டு பேனை, சிங்களம் எழுதத் தெரிந்த ஓர் ஆசிரியர், ஞாயிறு இரண்டு மணி நேரம். பெரிய செலவில்லை.

இன்னொரு தாளையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த தாள், தப்பு மேளம் அடிப்பது பற்றியது. முதல் வரி: "தப்பு பழகணும். பொம்பளைங்களும் பழகலாமா?" இரண்டாவது கை: "ஏன் பழகக்கூடாது." மூன்றாவது கை: "காமன்கூத்துக்கு மட்டும் இல்லாம பொங்கலுக்கும் அடிக்கலாம்." நாலாவது கை: "மேல்கணக்கு தாத்தா இருக்கும்போதே பழகணும். அவருக்கு இப்பவே கை நடுங்குது." இந்த யோசனை உங்கள் கூட்டத்தில் வந்திருந்தால் முதல் வரியிலேயே யாராவது சிரித்திருப்பார்கள். நாலாவது வரி பிறந்தே இருக்காது. காட்டுத்தனமான யோசனையை வழிக்குக் கொண்டு வருவது லேசு, இல்லாத யோசனையை உண்டாக்குவதுதான் கஷ்டம் என்பது ஒஸ்போர்னின் கருத்து. "நிலையத்துக்குள்ள ஒரு ரேடியோ ஸ்டேசன்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தான். நடக்கிற காரியமா? ஆனால் அந்தத் தாள் ஒரு சுற்று வந்து முடியும்போது, வாரம் ஒருமுறை பத்து நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு என்று அது இறங்கியிருந்தது. வேலை அறிவித்தல், விண்ணப்ப முடிவுத் திகதி, தோட்டத்துச் செய்தி. கொழும்பில் இருக்கிற பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

கூடி ஒரு காரியம் செய்வது நமக்குப் புதிதில்லை. மாசி மாதம் காமன்கூத்து ஆடுகிற காமன் பொட்டலில் ரதி வேஷம் கட்டின பையனுக்குப் பாட்டு மறந்தால், சுற்றி நிற்கிற கிழவிகூட அடியெடுத்துக் கொடுப்பார். அங்கே யாரும் இது உன் வேலையா என்று கேட்பதில்லை. அதே ஜனங்கள் மண்டபத்துக்குள் வந்து நாற்காலி போட்டதும் முன்வரிசை, பின்வரிசை என்று பிரிந்துவிடுகிறோம்.

பெரியவர்களிடம் இன்னொன்றையும் மனம் திறந்து சொல்கிறேன். கேட்காமல் முடிவெடுத்தால் எப்படி இருக்கும் என்பது எங்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். 1948 இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களான நம் குடியுரிமையைப் பறித்தபோது நம்மைக் கேட்கவில்லை. 1964 ஒக்டோபரில் கொழும்பும் டில்லியும் ஒப்பந்தம் எழுதியபோது 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று எழுதினார்கள். அந்த எண்ணுக்குள் என் பாட்டியும் அவருடைய தங்கச்சியும் இருந்தார்கள். ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே. எங்கே இருக்க விருப்பம் என்று யாராவது இரண்டு பேரையும் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டார்களா என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு கெரம் போட் விஷயத்தை அதோடு வைத்துப் பேசுவது பெரிய வார்த்தையாக உங்களுக்குப் படலாம். எனக்கு அப்படிப் படவில்லை. கேட்கப்படாமல் வளர்ந்த பிள்ளை, நாளைக்கு இதே குழுவில் உங்கள் நாற்காலியில் வந்து உட்காரும்போது அடுத்தவரைக் கேட்கப் பழகியிருக்காது.

அதனால் என் வேண்டுகோள் இதுதான். அந்தப் புதன்கிழமைப் பட்டியலை இன்னும் கையெழுத்தாக்கி அனுப்பாமல் இருந்தால், நிறுத்தி வையுங்கள். கூட்டத்தை இன்னொரு தரம் கூட்டுங்கள். பொங்கலுக்குக் கொழும்புப் பிள்ளைகள் வந்திருக்கிற நாட்களில், மலைக்குப் போகாத ஒரு நாளில், பின்னேரம் மூன்று மணிக்கு. காலையில் வைத்தால் டவுனில் டியூசனுக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள், ஐந்துக்குமேல் இழுத்தால் பெண் பிள்ளைகள் எழும்பிப் போய்விடுவார்கள். முதல் அரை மணி நேரம் தாள் மட்டும் பேசட்டும். நீங்களும் வட்டத்தில் உட்காருங்கள், உங்களுக்கும் தாள் உண்டு. தலைவர் தாளும் கவ்வாத்துக்காரப் பையன் தாளும் ஒரே சுற்றில் போகட்டும். பெயர் எழுத வேண்டாம். கூட்டத்தை நடத்துகிறவர் எந்தச் சங்கத்துக்கும் வேண்டியவராக இல்லாமல் இருந்தால் நல்லது. நேரம் பார்த்து மணியடிப்பதும் தாள் சேர்ப்பதும்தான் அவர் வேலை, கருத்துச் சொல்வது இல்லை.

அதன் பிறகு பிளேன்டீயும் ரொட்டியும் கொடுங்கள். குடித்துவிட்டு வந்துதான் காசுக் கணக்கு. யோசனையையும் காசையும் ஒரே நேரத்தில் பேசினால் எந்த யோசனையும் எழும்பாது என்பதை அன்றைக்குப் பார்த்தோமே. ஆனால் காசைப் பேசும்போது மறைக்காமல் பேசுங்கள். மாதத்துக்கு எவ்வளவு இருக்கிறது, கரண்ட் பில் யார் கட்டுவது, சாவி யாரிடம் இருக்கும் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்பதையெல்லாம் செய்ய முடியுமா என்று நீங்கள் கவலைப்படுவது எனக்குத் தெரியும். முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். வீட்டில் மாதக்கடைசியில் அரிசிக்கா பாடக் கொப்பிக்கா என்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

தெரிவு செய்வதற்கு ஒரு வழியும் யோசித்து வைத்திருக்கிறோம். சுவரோரமாக ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு பால்மா டின், வாயில் சிறு ஓட்டை போட்டது. ஆளுக்கு மூன்று தேயிலைக் கொட்டை. பிடித்த யோசனைக்குப் போடலாம், மூன்றையும் ஒன்றுக்கே போடவும் செய்யலாம். கைதூக்கச் சொன்னால் யார் எந்தப் பக்கம் தூக்குகிறார்கள் என்று பார்த்துத்தான் தூக்குவார்கள். டின்னுக்குள் விழுந்த கொட்டை யாருடையது என்று ஒருவருக்கும் தெரியாது.

முக்கியமான ஒன்று மிச்சம் இருக்கிறது. எல்லா யோசனையையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் செய்கிறோம், இப்போது முடியாது, இன்ன காரணம் என்று ஒரு வரி எழுதி நிலையத்துச் சுவரில் ஒட்டுங்கள். "முடியாது" என்று இருந்தாலும் பரவாயில்லை. காரணம் தெரிந்தால் எந்தப் பிள்ளையும் கோபிக்காது. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விட்டால்தான் அடுத்த தரம் வரமாட்டார்கள். மூன்று மாதம் நடத்திப் பாருங்கள், யாரும் வராத வகுப்பை நிறுத்திவிட்டு அடுத்த டின்னில் இருந்ததை எடுங்கள். கரப்பந்தும் பண்ணிசையும் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. அந்த டின்களிலும் கொட்டை விழும், நானே போடுவேன்.

தாள், பேனை, டின் எல்லாம் நாங்கள் கொண்டு வருகிறோம். மண்டபத்தை அன்றைக்கு இரண்டரை மணிக்குத் திறந்து வையுங்கள், அது போதும். அதற்கு முன்னால் அந்தக் கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் ஒரு கொண்டி அடித்துவிட்டால், பெண் பிள்ளைகள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருவது என் பொறுப்பு.

61 யோசனையும் எழுதின அந்தத் தாள்களைப் பிள்ளைக் காம்பராவில் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறேன். எப்போது வேண்டுமானாலும் வந்து வாசிக்கலாம். கையெழுத்தை வைத்து இது யாருடைய பிள்ளை எழுதினது என்று மட்டும் தேடாதீர்கள். தேடமாட்டீர்கள் என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்துத்தான் எழுத வைத்தேன்.

இப்படிக்கு,
கீழ்க்கணக்குப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்யும் உங்கள் வீட்டுப் பிள்ளை